நாலு ஐம்பத்திரண்டுக்கு அமுக்கிய பட்டன்

ஏசி என்பது குளிர்ச்சிக்காக உண்டாக்கப்பட்ட இயந்திரம் என்று இந்த நாட்டில் படித்தவர்கள், படிக்காதவர்கள், கார் வைத்திருப்பவர்கள், அவர்களுடைய மாமியார்கள் ஆகிய அனைவரும் நம்புகிறார்கள். தவறு. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. உயிர்ச்சேதம் வரை கொண்டுபோய் விடக்கூடிய தவறு. ஏசி ஈரத்தை எடுப்பதற்காக உண்டாக்கப்பட்டது. நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் நியூயார்க்கில் ஓர் அச்சகத்தில், காற்றிலிருந்த ஈரத்தைக் குடித்துக் காகிதம் விரிந்துவிட்டது. ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் உட்காரவில்லை. அந்த ஈரத்தைப் பிழிந்தெடுக்கச் செய்ததுதான் முதல் ஏசி. காற்று குளிர்ந்தது அதனுடன் ஒட்டி வந்த உபரி. மனிதர்கள் உபரியைப் பிடித்துக்கொண்டு விஷயத்தை விட்டுவிட்டார்கள்.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துகிறீர்களா? சாரல் என் மேல் அடிக்கிறது. நன்றி.

ஏன் இதை உங்களிடம் சொல்கிறேன் என்றால், பொள்ளாச்சியில் நான் ஏறும்போது இந்த டிரைவர் கேட்டதை நீங்களும் கேட்டீர்கள். "பெரியவரே, சோத்துப் பானை எங்கீங்க?" பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை, கவனித்தேன். அதனால்தான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வால்பாறை போய்ச் சேர்வதற்கு முன் ஒருவருக்காவது நடந்தது நடந்தபடி தெரிய வேண்டும்.

நான் அச்சகத்தில் முப்பத்துநாலு வருஷம் பிழை திருத்தியவன். எழுத்து எங்கே இருந்தாலும் படிப்பேன். மருந்துச் சீட்டு, பஸ் டிக்கெட்டின் பின்புறம், எல்லாம். என் மாப்பிள்ளை திருமூர்த்தி, வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஃபீல்டு ஆபீசர். நல்ல பையன், கார் நன்றாக ஓட்டுவார், ஆனால் படிக்க மாட்டார். கார் வாங்கி எட்டு மாதம் ஆகியும் அதன் கையேடு டேஷ்போர்டுக்குள் பாலிதீன் உறை பிரிக்காமல் கிடந்தது. நான்தான் பிரித்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். மூன்று நாளில் முடித்தேன். பத்தொன்பது அச்சுப்பிழை. கம்பெனிக்கு எழுதினேன், பதில் இல்லை. போகட்டும்.

அந்தக் கையேட்டில் காற்றுக்கு மட்டும் பன்னிரண்டு பக்கம். காற்று முகத்துக்கு வரவேண்டுமா, காலுக்கா, கண்ணாடிக்கா என்று ஒரு குமிழ். சூடா குளிரா என்று ஒன்று. விசிறி வேகத்துக்கு ஒன்று. ஏசிக்கு ஒரு பட்டன். இன்னொரு பட்டனில் காரின் படமும், அதற்குள்ளேயே வளைந்து திரும்பும் ஓர் அம்பும் இருக்கும். அதை அமுக்கினால் வெளிக்காற்று வராது, உள்ளே இருக்கும் காற்றே சுற்றிச் சுற்றி வரும். பக்கம் நூற்று நாற்பத்தேழு. அந்தக் காரில் இத்தனையும் தெரிந்த ஒரே ஆள் நான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை. என் மகள் கோகிலவாணிக்கு ஏழாம் மாதம். எங்கள் பக்கத்தில் கட்டுச்சோறு விருந்து என்று செய்வோம், உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெண்ணைப் பெற்றவர்கள் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு என்று ஐந்து தூக்குவாளிகளில் கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய், விருந்து முடிந்ததும் பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வருவது. கோகிலாவுக்கு இது மூன்றாவது. முன்னால் இரண்டும் தங்கவில்லை. ஒன்று மூன்று மாதத்தில், ஒன்று ஐந்தில். "குலுங்காம, பயப்படுத்தாம, மெதுவாக் கீழ கூட்டிட்டுப் போங்க" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எனவே அன்றைக்கு எங்களுக்கு இருந்தது ஒரே வேலை. அந்த வயிற்றைப் பத்திரமாக நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறக்கிப் பொள்ளாச்சி சேர்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு இராகு காலம். நான் அதை நம்புகிறேனா இல்லையா என்பது வேறு. என் மனைவி ருக்குமணி நம்புகிறாள். பஞ்சாங்கத்தில் அச்சாகியிருக்கிறது என்பதால் நானும் மதிக்கிறேன். நாலேகாலுக்குச் சம்பந்தியம்மா துளசிமணி ஐந்து தூக்கையும் திரும்ப நிரப்பிக்கொண்டிருந்தார். கொண்டுவந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாதில்லையா? சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், இன்னும் என்னென்னவோ. எல்லாம் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கியவை.

"அண்ணா, ஒரு அரை மணி நேரம் ஆறட்டுமுங்க. ஆவி பறக்குது" என்றார்.

"ஆறுவதற்குள் நாலரை ஆகிவிடும், தங்கச்சி. மூடிக் கட்டுங்கள்" என்றேன்.

இன்றைக்கு வீட்டில் என்னென்னவோ சொல்கிறார்கள். நேரத்துக்குக் கிளம்ப வைத்தது நான்தான் என்பதை ஒருவரும் சொல்வதில்லை. நாலு இருபத்திரண்டுக்கு வண்டி வாசலைத் தாண்டியது.

டிக்கியில் சீர்த்தட்டுகள், பழம், கோகிலாவின் பெட்டி. தூக்குகள் பின்சீட்டில், தாய்க்கும் மகளுக்கும் நடுவிலும் காலடியிலும். மாமனார் என்பதால் நான் முன்சீட்டில். அந்த இடம் எனக்கு யாரும் கொடுத்ததில்லை, யாரும் கேட்டதும் இல்லை. அப்படித்தான் வழக்கம்.

மழை இல்லை. அதைவிட மோசம், மூடுபனி. பத்தடிக்கு முன்னால் ரோடு முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். எங்களுக்கு முன்னால் ஒரு பழைய லாரி புகையைக் கக்கிக்கொண்டு இறங்கியது.

"அப்பா, இந்தப் பொகை கொமட்டுதுப்பா" என்றாள் கோகிலா.

நான் அந்தப் பட்டனை அமுக்கினேன். நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தில் முதல் வரியே அதுதான். புகை, தூசி, துர்நாற்றம் உள்ள இடங்களில் பயன்படுத்துக. அரை நிமிஷத்தில் நாற்றம் நின்றது. "இப்பப் பரவால்லப்பா" என்றாள் என் மகள். அதையும் இப்போது ஒருவரும் சொல்வதில்லை.

இரண்டு வளைவு தாண்டி ஓர் அகலமான இடத்தில் மாப்பிள்ளை லாரியை முந்தினார். புகைப் பகுதியைக் கடந்ததும் பட்டனை மீண்டும் அமுக்கி வெளிக்காற்றைத் திறக்கவும் என்று அதே பக்கத்தில் நான்காவது வரி இருக்கிறது. எனக்கு அந்த வரி நன்றாக நினைவிருக்கிறது. அதன் கடைசியில் முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்தது. நான்தான் பென்சிலால் வைத்தேன்.

கொஞ்ச தூரத்தில் கண்ணாடி ஓரங்களிலிருந்து மங்க ஆரம்பித்தது.

"மாமா, கண்ணாடி மங்குதுங்க. அந்தத் துணியில கொஞ்சம் தொடைச்சு உடுங்க" என்றார் மாப்பிள்ளை.

துடைத்தேன். துடைத்த இடம் கோடு கோடாகி, மூச்சு விடுவதற்குள் மறுபடி வெள்ளையானது. மாப்பிள்ளை ஏசியைப் போட்டார். போட்ட நொடியில் பின்னாலிருந்து என் மனைவி:

"அய்யோ மாப்பிள்ளை, ஏசி வேண்டாமுங்க! மாசமா இருக்கறவளுக்குக் குளிர் ஆகுமா? வெளிய இருக்கற குளிரு பத்தாதா?"

அணைத்தார். தன் பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார்.

"பனிக்காத்து அவ காதுல அடிக்குதுங்க."

ஏற்றினார். கோபமே வராத பையன். நான் அவளுக்கு விளக்கினேன். "ருக்கு, ஏசி குளிருக்காக உண்டாக்கப்பட்டது அல்ல. நியூயார்க்கில் ஓர் அச்சகம்..."

"ஏனுங்க, அச்சகத்தை ஊட்டுக்குப் போய் வெச்சுக்கலாம். ரோட்டைப் பாருங்க!"

"ரோடு தெரிந்தால்தானே பார்க்க?"

இது நான் சொன்னது. இதில் என்ன தப்பு? ஆனால் பின்சீட்டில் கோகிலா பயத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஐயா, ஜன்னலை ஏன் திறக்கிறீர்கள்? புழுக்கமா? சரி, ஒரு விரல் அளவு இருக்கட்டும்.

முப்பத்தேழாவது வளைவு. மேலிருந்து இறங்கும்போது நாற்பது, முப்பத்தொன்பது என்று எண்கள் குறைந்துகொண்டே வரும். முதல் வளைவு மலையடிவாரத்தில் இருக்கிறது. நாங்கள் முப்பத்தேழில் இருந்தோம். மாப்பிள்ளை தலையைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய், தன் உள்ளங்கையால் துடைத்த ஒரு தோசை அளவு ஓட்டை வழியாகப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நிறுத்திடுங்க மாப்பிள்ளை" என்றாள் ருக்குமணி.

"எங்கீங்க அத்தை நிறுத்தறது? ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். பின்னாடி அந்த லாரி வருது. பனியில நின்னா நேரா வந்து ஏறிடுவான்."

அது உண்மை. நாங்கள் முந்திய லாரியின் ஹாரன் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது, ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் பக்கத்தில்.

இந்த நேரத்தில்தான் நான் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். யாராவது எடுக்க வேண்டும் அல்லவா? காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பினேன். சூட்டை முழுசாக வைத்தேன். விசிறி நாலு. பக்கம் நூற்று ஐம்பத்தொன்று, உறைபனி நீக்கும் முறை. காற்று சீறிக்கொண்டு வந்தது. ஒரு நொடி, சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி கீழ்ப்பக்கம் தெளிந்தது.

"பார்த்தீர்களா?" என்றேன்.

பிறகு மொத்தக் கண்ணாடியும் சுவரில் வெள்ளையடித்த மாதிரி ஆயிற்று. உள்ளே நெய்யும் ஏலக்காயும் மணந்தன. கண்ணாடியிலிருந்து தண்ணீர் வழிந்து டேஷ்போர்டில் சொட்டியது.

"மாமா, கைய எடுங்க."

"பொறுங்கள் மாப்பிள்ளை. சூடு பிடிப்பதற்கு இரண்டு நிமிஷம் ஆகும் என்று..."

"மாமா, கைய எடுங்க!"

அவர் குமிழை ஒரு பக்கம் திருப்ப, நான் சரியான பக்கம் திருப்ப, இரண்டு பேர் கையும் அந்தச் சின்ன இடத்தில் மோதின. நான் ஓர் ஒழுங்கில் போய்க்கொண்டிருந்தேன். முதலில் திசை, பிறகு சூடு, பிறகு விசிறி, பிறகு மற்றவை. மற்றவைக்கு வருவதற்குள் ஆட்கள் பொறுமை இழந்தால் நான் என்ன செய்வேன்?

முப்பத்தாறாவது வளைவில் எதிரே ஹாரன்.

லாரி ஹாரன் இல்லை. இது முன்னாலிருந்து, மிகப் பக்கத்திலிருந்து. எங்களுக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்த மாதிரி கண்ணாடி. அதில் இரண்டு மஞ்சள் வட்டங்கள் திடீரென்று பெரிதாயின. மாப்பிள்ளை பிரேக்கை மிதித்து இடது பக்கம் ஒடித்தார். டயர் ஓரத்துச் சரளையில் உரசியது. ஒரு தூக்கின் மூடி கழன்று உருண்டது. கார் நின்றது.

என் பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். மூன்றடி தள்ளிக் கைப்பிடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, பனி மட்டும்.

முன்னால் பஸ்ஸின் கதவு அடித்துத் திறக்கும் சத்தம். ஒரு குரல்: "ஏய்யா, ரோட்டுல ஓட்டறயா, மேகத்துல ஓட்டறயா?"

பின்னால் கோகிலா வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மிகவும் மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா. அசையல."

"என்ன கண்ணு?"

"இவ்வளவு நேரம் அசைஞ்சுட்டு இருந்துச்சும்மா. இப்ப அசையல."

ருக்குமணி அவள் வயிற்றில் கை வைத்தாள். மாப்பிள்ளை ஸ்டியரிங்கை விடாமல் அப்படியே பின்னால் திரும்பினார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. மணியைப் பார்த்தேன். ஐந்து பதினான்கு. பழக்கம், எனக்கு எதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அப்போதுதான் இந்த டிரைவர் வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார். இதே ஆள்தான், அதோ, சிவப்பு மப்ளர். திறந்ததும் உள்ளே இருந்த ஆவி அவர் முகத்தில் குபுகுபுவென்று போய் அடித்தது. இரண்டடி பின்னால் போனார்.

"என்னங்க இது, காருக்குள்ள இட்லி அவிக்கறீங்களா?"

பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த கோகிலாவைப் பார்த்தார். குரல் மாறிவிட்டது. "பயப்படாத அம்மிணி. ஒண்ணும் ஆகல, வண்டி தொடக்கூட இல்ல." கண்டக்டரை அனுப்பிப் பின்னால் வந்த லாரியை நிறுத்தச் சொன்னார். என் மேலே குனிந்து கையை நீட்டினார். என்னைத் தாண்டித்தான் நீட்டினார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வளைந்த அம்பு போட்ட அந்தப் பட்டனில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அமுக்கி அணைத்தார். ஏசியைப் போட்டார். சூட்டுக் குமிழைப் பாதியில் வைத்தார்.

"ஏசி போட்டா அவளுக்குக் குளிருமுங்களே" என்றாள் ருக்குமணி.

"குளிராதுங்கம்மா. ஏசி ஈரத்த எடுக்கும், ஹீட்டரு சூடு குடுக்கும். ரெண்டையும் சேத்துப் போடணும். எல்லாக் கண்ணாடியும் ஒரு விரக்கடை எறக்குங்க. மொதல்ல இந்தச் சோத்துப் பானையெல்லாம் வெளிய எடுங்க."

கவனித்தீர்களா? ஏசி ஈரத்தை எடுக்கும். நான் சொன்ன அதே வாக்கியம். நியூயார்க்கை மட்டும் விட்டுவிட்டார்.

மாப்பிள்ளை இறங்கித் தூக்குகளை ஒவ்வொன்றாக ரோட்டோரம் வைத்தார். பனிக்குள் ஐந்தும் புகைந்துகொண்டு நின்றன. முன்கண்ணாடி கீழிருந்து தெளிந்துகொண்டே வந்தது. பஸ்ஸின் முன்பக்கம் தெரிந்தது. எங்கள் காருக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அதற்குள் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் இல்லம்மா" என்றாள் கோகிலா.

ருக்குமணி ஏதோ சாமி பெயரை முணுமுணுத்தாள். மாப்பிள்ளை பின்கதவருகே முழங்காலிட்டு உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். "கோகி, தண்ணி குடி. கொஞ்சம் தண்ணி குடி." நான் டேஷ்போர்டைத் திறந்து கையேட்டை எடுத்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். அதில் அதற்கு ஒன்றும் இல்லை என்று எனக்கே தெரியும். கையில் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பக்கங்கள் ஈரத்தில் ஒட்டியிருந்தன.

டிரைவர் திரும்பிப் போய் பஸ்ஸில் ஏறினார். வளைவில் பின்வாங்குவதற்காக, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி ஒரு நீண்ட ஹாரன் கொடுத்தார். மலை முழுக்க எதிரொலித்தது.

கோகிலா துள்ளினாள். "அம்மா!" என்றாள். "உதைக்குது. அம்மா, ஹாரனுக்கு உதைக்குது!"

ருக்குமணி அழுதாள். மாப்பிள்ளை தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஐந்து இருபது. ஆறு நிமிஷம், ஐயா. முப்பத்துநாலு வருஷத்தில் பிழை கண்டு எத்தனையோ அச்சு ஃபாரத்தை மிஷின் ஓடும்போது நிறுத்தியிருக்கிறேன். அந்த ஆறு நிமிஷம் மாதிரி ஒன்றும் இல்லை.

டிக்கியில் இருந்த பெட்டியை எடுத்து என் மடியில் வைத்து, அந்த இடத்தில் தூக்குகளை வைத்தார்கள். மலையடிவாரத்தில் ஆழியார் வருவதற்குள் மாப்பிள்ளை ஒரே ஒரு தடவை கேட்டார், ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"மாமா, அந்தப் பட்டனை எப்ப அமுக்குனீங்க?"

நான் சரியாகப் பதில் சொன்னேன். "நாலு ஐம்பத்திரண்டு."

அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கோகிலாவின் குமட்டலுக்காகத்தானே அமுக்கினேன்? அதற்கப்புறம் மங்கியதற்குக் காரணம் சோறு. சோற்றை ஆறவிடாமல் கட்டியதற்குக் காரணம் இராகு காலம். ஏசியை அணைத்ததற்குக் காரணம் என் மனைவி. வரிசையாகப் பாருங்கள், எங்கேயாவது என் பெயர் வருகிறதா?

ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது. நிறைமதி. இரண்டே முக்கால் கிலோ. இன்றைக்கு மூன்றாம் மாதத்தில் தாயையும் பிள்ளையையும் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறோம். கார்த்திகை மழை, மறுபடி பனி இருக்கும். அதனால் நான் ஒரு மாதமாக உட்கார்ந்து ஓர் அட்டை தயாரித்தேன். காற்று, சூடு, ஏசி, வளைந்த அம்பு, எப்போது எதை, எந்த வரிசையில், எல்லாம் என் கையெழுத்தில், படத்தோடு. லேமினேஷன் செய்து காலையில் கோகிலாவிடம் கொடுத்தேன். "முன்னால், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வை" என்றேன். "சரிப்பா, முன்னாடியே வெச்சுக்கறோம்" என்றாள். கையில் வாங்கி இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தாள். படிக்கிற பெண்தான், என்னைப் போல.

காரில் இடம் போதவில்லை என்றார்கள். மாப்பிள்ளை, கோகிலா, ருக்குமணி, குழந்தை. ஐந்து பேர் உட்காரும் கார்தான். பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போகிறேன் என்றேன். கிளம்பும்போது கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பின்சீட்டில் தாயும் மகளும் பேத்தியும். கண்ணாடிகள் ஒரு விரக்கடை இறங்கியிருந்தன. முன்சீட்டில் புளிச்சோற்றுத் தூக்கு. அதற்குப் பெல்ட் போட்டிருந்தார்கள். சீட்டில் எண்ணெய் படாமல் இருக்க அதற்கு அடியில் அந்த அட்டையை விரித்திருந்தார்கள்.